இடப்பக்கம் நாலு

பத்து மணிக்கு வகுப்பு, இப்போது பத்துக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கொஞ்சம் என்றால் எவ்வளவு, கணக்கு வாத்தியார் இப்படிச் சொல்லலாமா என்று யாரும் கேட்கவேண்டாம், சுவர்க்கடிகாரம் ஊரடங்கு தொடங்கிய வாரமே நின்றுவிட்டது, அப்போது பேட்டரி விற்கக் கடை இல்லை, கடை திறந்தபோது எனக்குக் கடிகாரத்தின் ஞாபகம் இல்லை, போனில் மணி பார்க்கலாம் என்றால் அது வடிவின் தையல் மெஷின் மேல் சாய்ந்து, ரெண்டு ரப்பர் பேண்டில் கட்டுண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது, இனி அதைத் தொட்டால் கோணம் மாறும், கோணம் மாறினால் பிள்ளைகளுக்குப் பாதிப் பலகையும் பாதி மீசையும்தான் தெரியும். “கிளாஸ் முடிஞ்சதும் மெஷின் எனக்கு வேணும், கதையை இழுத்துக்கிட்டு நிக்காதீக, கீழத்தெரு பூராவும் மாஸ்க்குக்குக் காத்துக் கெடக்கு” என்று அடுப்படியிலிருந்து வடிவு சத்தம் கொடுக்கிறாள், இவள் என் மனைவி, பழைய ரவிக்கைத் துணியிலெல்லாம் முகக்கவசம் தைத்துத் தெருவுக்கே கொடுக்கிறாள், எனக்குக் கொடுத்தது ஊதாவில் ஜரிகைக்கரை, அதைக் கட்டிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனால் கல்யாண வீட்டில் பந்திக்கு நிற்கிற மாதிரி இருக்கிறது. வயிற்றுக்குள் ஏதோ புரள்கிறது, காலையில் தின்ற இட்லியா, பயமா, தெரியாததை எக்ஸ் என்று வைத்துக்கொள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நான், எக்ஸ் என்றே வைத்துக்கொள்கிறேன், நேற்றுச் சாயங்காலம் தலைமையாசிரியை ஜெசிந்தா பேசியதிலிருந்து இந்த எக்ஸ் புரண்டுகொண்டுதான் இருக்கிறது. “சார், தப்பா எடுத்துக்காதீங்க. மேனேஜ்மெண்ட்ல ஒரு கம்பெனி வீடியோ பாத்துட்டு வந்திருக்காங்க. ஒரு தம்பி, மீசைகூட இல்ல, படமெல்லாம் ஆடி ஆடி வருது, ரொம்ப நல்லா நடத்துதாரு. நாளைக்கு உங்க ஒன்பதாம் வகுப்புல நானும் வந்து உக்காருதேன். நாலு கேள்வி கேப்பேன். பிள்ளைங்க பதில் சொன்னா நீங்களே நடத்துங்க சார். சொல்லலைன்னா திங்கக்கிழமையில இருந்து வீடியோவப் போட்டுருவோம்.” தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். மீசை இல்லாமல் கணக்கு எப்படி வரும்? கணக்கு டீச்சர் பிரசவத்துக்குப் போன இடத்தில், ஓய்வுபெற்று வீட்டில் கிடந்த இந்த ஆவுடையப்பனைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வந்தவள் இதே ஜெசிந்தாதான், அப்போது நான் ஒரு பெரிய மனுஷன் மாதிரி யோசித்துச் சொல்கிறேன் என்றேன், போனை வைத்துவிட்டுக் கூடத்தில் ஒரு சுற்று ஆடினேன், வடிவு பார்த்துவிட்டாள், இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று சொல்லி மழுப்பினேன்.

ஆடாமல் என்ன செய்வது, எனக்குக் காது வேண்டுமே. சலூன் மூடியாயிற்று, டீக்கடை பெஞ்சைக் கால் மேலே தெரியக் கவிழ்த்துப் போட்டுவிட்டார்கள், வாசலில் வருகிற கீரைக்காரம்மா முகக்கவசத்துக்கு மேலே கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கட்டை நீட்டிவிட்டு ஓடுகிறாள், இருக்கிற ஒரே காது வடிவின் காது, அதில் என் சரக்கெல்லாம் ஏற்கெனவே ஏறியாகிவிட்டது, நான் வாயைத் திறக்கும்போதே முடிவைச் சொல்லிவிட்டுப் பருப்பைக் கடைவாள். பொய் என்று சொல்லக்கூடாது. உண்மை சில சமயம் குள்ளமாக இருக்கிறது, கூட்டத்தில் ஆளே தெரியாது, அதற்கு ஒரு முக்காலி போட்டு ஏற்றிவிடுகிறேன், அவ்வளவுதான் என் குற்றம். கோவில்பட்டி வெயிலைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொன்னேன், ஒரு சித்திரை மாதம் கரும்பலகையில் நான் எழுதிய எட்டு சூட்டில் இளகி, நடுவில் அறுந்து, ரெண்டு சைபராகத் தரையில் விழுந்தது என்று, விழுந்ததைப் பொறுக்கிப் பக்கத்தில் இருந்த ஒன்றுக்குப் பின்னால் வைத்தேன், நூறு ஆகிவிட்டது என்று. மடக்கை அட்டவணையைத் தின்ற ஆட்டைப் பற்றிச் சொன்னேன், அன்றிலிருந்து அது தழையைத் தசமப் புள்ளிக்குப் பிறகு நாலு இலை என்று எண்ணித்தான் கடித்தது. சொல்லிவிட்டு ஒரு சிரிப்புக்குக் காத்திருந்தேன். கறுப்புக் கட்டங்கள். அதுதான் இந்த வகுப்பில் இருக்கிற ஒரே குறை, கேமராவைப் போட்டால் நெட்டு தீர்ந்துபோகும் என்று எல்லோரும் அணைத்து வைத்திருக்கிறார்கள், கட்டத்துக்கு ஒரு பெயர், பெயருக்குப் பின்னால் இருட்டு. இவர்களில் ஒருவரைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை, பள்ளிக்கூடம் பூட்டிய பிறகு வந்தவன் நான். முப்பிடாதி என்று ஒரு கட்டம், அவள் மைக்கைத் திறந்தால் முதலில் ஒரு சேவல் கூவும், பிறகுதான் அவள் பேசுவாள், ஆகையால் முப்பிடாதி என்றால் எனக்கு ஒரு கொண்டையும் ரெண்டு சிவந்த கண்ணும்தான் ஞாபகம் வருகிறது, பாவம். ரீகன் என்று ஒரு கட்டம், குரல் இப்போதுதான் உடைகிறது, ஒரு சொல்லுக்குள்ளேயே தகப்பனும் மகனும் மாறி மாறிப் பேசுவார்கள். மற்றவர்கள் வெறும் பெயர்கள். ஒருநாள் சோதித்துப் பார்த்தேன். புரியுதா என்றேன், யெஸ் சார். சத்தம் கேக்குதா, யெஸ் சார். எல்லாரும் வெளியே விளையாடப் போயாச்சா, யெஸ் சார். அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை. போனைத் திறந்து வைத்துவிட்டு மாடு மேய்க்கப் போன பையனைப் பற்றியும், ஆன்லைன் வகுப்பில் இருந்துகொண்டே கிணற்றில் குதித்த பையனைப் பற்றியும் ஊரில் பேச்சு, அதில் ஒன்று நானே கட்டிவிட்டது, இப்போது அதுவே திரும்பி வந்து என்னைப் பயமுறுத்துகிறது. ஒருவேளை யாருமே இல்லையோ, இந்தக் கட்டங்களுக்குப் பின்னால் வெறும் சேவல்கள்தானோ, நான் ஒரு தையல் மெஷினுக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருக்கிறேனோ.

இருக்கட்டும், இன்றைக்கு ஜெசிந்தா வருகிறாள், அவளுக்குக் காட்ட என்னிடம் ஒரு வித்தை இருக்கிறது, அதை மீசையில்லாத தம்பி நூறு வருஷம் தவம் கிடந்தாலும் செய்ய முடியாது. இந்தப் போன் எழுத்தைத் திருப்பும். முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன். பலகையில் நேராக எழுதுகிறேன், போனில் பார்க்கிறேன், என் மீசைக்குப் பக்கத்தில் எல்லாம் இடம் வலமாகக் கிடக்கிறது, ஏழு எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கிறது, ‘கணக்கு’ முதுகைக் காட்டிக்கொண்டு போகிறது. பிள்ளைகள் பாவம் இதையா பார்க்கிறார்கள் என்று நெஞ்சு பதறிவிட்டது. இன்னொருவனாக இருந்தால் யாரையாவது கேட்டிருப்பான். கேட்பதா, நானா? ஊரே என்னிடம் கேட்டுப் பழகியது, நான் போய், ஏம்ப்பா இந்தப் போன் ஏன் இப்படிச் செய்யுது என்று ஒரு பொடியனிடம் நிற்பதா? மொட்டைமாடிக்குப் போனேன், வடிவின் பீரோவுக்குள் இருந்த கண்ணாடியைத் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே கைப்பிடிச்சுவரில் சாய்த்தேன், கரித்துண்டை எடுத்தேன், தொட்டிச் சுவரில் வலமிருந்து இடமாக எழுதிப் பழக ஆரம்பித்தேன். எட்டும் சைபரும் நல்ல பிள்ளைகள், எந்தப் பக்கம் திருப்பினாலும் கோபிக்காது. மூன்று முரண்டு பிடிக்கும். தமிழில் ‘ப’ தங்கம், ‘ழ’ இருக்கிறதே, அதைத் திருப்பி எழுத முயன்றபோது என் நாக்கும் சேர்ந்து சுளுக்கிக்கொண்டது. பக்கத்து மாடியில் வடகம் காயப்போட வந்த அந்தோணியம்மாள் பார்த்துவிட்டு, “என்ன சார், மந்திரமா எழுதுதீய?” என்றாள். “ஆமா, கொரோனாவுக்கு” என்றேன். மறுநாள் தொட்டிக்குக் கீழே ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. வெயிலில் மண்டை காய்ந்தாலும் கை பழகிவிட்டது, இப்போது பலகையில் எல்லாவற்றையும் திருப்பியே எழுதுகிறேன், போனில் பார்த்தால் முத்து முத்தாக நேராக நிற்கிறது. வடிவு மட்டும்தான் கூடத்தில் நின்று பலகையைப் பார்த்துவிட்டு, “ஏங்க, எதுக்கும் யாரையாச்சும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்களேன்” என்றாள், கேட்டால் வித்தையின் ருசி போய்விடும் என்று அவளுக்கு எப்படிப் புரியும். திருப்பி எழுத ஆரம்பித்த அன்று சந்தோஷம் தாளாமல் பிள்ளைகளுக்கு ஒரு புதுக் கதை விட்டேன், பூரணம் பிள்ளை என்று எனக்கு ஒரு வாத்தியார் இருந்தார், அவர் பலகையில் எல்லாவற்றையும் தலைகீழாகவோ பின்பக்கமாகவோதான் எழுதுவார், ஏன் சார் என்று வாயைத் திறந்தவனுக்கு முட்டை, வாயை மூடிக்கொண்டு தானே வழி கண்டுபிடித்தவனுக்கு நூற்றுக்கு நூறு என்று. பூரணம் பிள்ளை என்று எவரும் கிடையாது. அன்று காலையில் வடிவு கொழுக்கட்டைக்குப் பூரணம் கிளறிக்கொண்டிருந்தாள், வாசனை வந்தது, அவரும் வந்துவிட்டார். அதன்பிறகு ஒரு வேடிக்கை நடந்தது, முதல் வாரம் பிள்ளைகள் வாட்ஸப்பில் அனுப்பிய வீட்டுப்பாடப் படங்களெல்லாம் நேராக வந்தன, பிறகு ஒன்றிரண்டு திரும்பி வர ஆரம்பித்தன, இப்போது அத்தனையும் திரும்பித்தான் வருகிறது. “பாத்தியா வடிவு, போனுக்கு வயசாயிட்டு, போறதையும் திருப்புது வாறதையும் திருப்புது” என்றேன். கண்ணாடி இல்லாமலே கடகடவென்று படித்துத் திருத்திப் போடுகிறேன், திருப்பி எழுதத் தெரிந்தவனுக்குத் திருப்பி வாசிப்பதா கஷ்டம்.

டிங் என்கிறது, கட்டங்கள் ஒவ்வொன்றாக விழுகின்றன, வணக்கம் சார், வணக்கம் சார், வண-க்-சா-ர், இது ரீகன், நெட்டும் குரலும் சேர்ந்து உடைகிறது, கொக்கரக்கோ, சரி, முப்பிடாதியும் வந்தாயிற்று. பிறகு ஒரு கட்டத்தில் வெளிச்சம். ஜெசிந்தா. எல்லோரிலும் அவள் ஒருத்திக்குத்தான் முகம் இருக்கிறது, பின்னால் மாதா காலண்டர், மூக்கில் கண்ணாடி, கையில் பேனா. “வணக்கம் சார், நான் இருக்கதையே மறந்துருங்க, நீங்க பாட்டுக்கு நடத்துங்க” என்கிறாள், முதுகில் தேளை விட்டுவிட்டு நீ பாட்டுக்குத் தூங்கு என்கிற மாதிரி. நடத்துகிறேன். ஆயத்தொலைகள். நம் ஊரில் ரெயில் பாதை ஒய் அச்சு, மெயின் ரோடு எக்ஸ் அச்சு, ரெண்டும் வெட்டிக்கொள்கிற இடத்தில் ஒரு டீக்கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அதுதான் ஆதிப்புள்ளி, உலகத்தில் எல்லாமே அங்கிருந்துதான் தொடங்குகிறது, இப்போது பெஞ்சைக் கவிழ்த்திருக்கிறார்கள், அதனால் உலகம் கொஞ்ச நாள் நின்றிருக்கிறது. யாரும் சிரிக்கவில்லை. வலப்பக்கம் போனால் பிளஸ், இடப்பக்கம் வந்தால் மைனஸ், மேலே பிளஸ், கீழே மைனஸ், சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்து என் வித்தையைத் தொடங்குகிறேன், அச்சுக்களைப் போட்டு, பிளஸ் எண்களையெல்லாம் சுவரோரமாக இடப்பக்கத்தில் வரிசையாகத் திருப்பி எழுதுகிறேன், போனில் அது வலப்பக்கமாக அழகாக விழுகிறது, ஒரு புள்ளி வைக்கிறேன், வலது நாலு, மேலே மூன்று. ஓரக்கண்ணால் ஜெசிந்தாவைப் பார்க்கிறேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாள். மாட்டுகிறாள். தலையை ஒரு பக்கம் சாய்க்கிறாள், மறுபக்கம் சாய்க்கிறாள், போனைக் கிட்டே கொண்டுபோகிறாள், அவள் கட்டம் முழுக்க ஒரு கண், மாதாவைக் காணோம், பிறகு போனைத் தட்டுகிறாள், மூக்குத்தியளவு புள்ளியில் ஏதோ தப்புத் தேடுகிறாள் போலிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் என்னிடம் படித்தபோதும் இப்படித்தான், நான் போட்ட கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்பாள், அப்போது பெருமையாக இருந்தது, இப்போது எக்ஸ் மறுபடியும் புரள்கிறது. மேலே காற்றாடி சுற்றுகிறது, அது இடப்பக்கமா சுற்றுகிறது வலப்பக்கமா, கீழேயிருந்து பார்த்தால் ஒன்று, மேலேயிருந்து பார்த்தால் இன்னொன்று, காற்று ஒன்றுதான், ஐயோ இப்போது எதற்கு இந்த யோசனை, நடத்து, ஆவுடையப்பா, நடத்து.

“சார், ஒரு நிமிஷம். நான் கேக்கலாமா?” வந்துவிட்டது. கேளுங்கள் அம்மா என்கிறேன். “முப்பிடாதி இருக்கியா?” சேவல் கூவுகிறது, இருக்கிறாள். “சார் போர்டுல ஒரு புள்ளி வச்சிருக்காங்கல்லா, அது எங்க இருக்கு, சொல்லு பாப்போம்.” சொல்லு முப்பிடாதி, வலப்பக்கம் நாலு, மேலே மூன்று, இதோ இப்போதுதான் சொன்னேன், வாய் ஈரம்கூடக் காயவில்லை, உன் சேவலுக்கே தெரிந்திருக்கும். “இடப்பக்கம் நாலு, மேல மூணு, டீச்சர்.” போயிற்று. இடப்பக்கம். இத்தனை நாளும் தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்தியும் இடப்பக்கம். திங்கட்கிழமை தம்பி வந்துவிடுவான், படங்கள் ஆடும், என் ஆடு பட்டியில் படுத்துவிடும், எட்டு இளகாமல் எட்டாகவே நிற்கும், நான் கூடத்தில் உட்கார்ந்து வடிவுக்கு நூல் கோத்துக் கொடுப்பேன். இடப்பக்கம். ஏன் சொன்னாள், போனில் புள்ளி வலப்பக்கம்தானே நிற்கிறது, நானே பார்க்கிறேனே, என் காதுக்குப் பக்கத்தில், வலப்பக்கம், இதைப் பார்த்து இடப்பக்கம் என்று சொல்லக் குருடாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால், இல்லாவிட்டால் என்ன, எதையாவது கண்ணால் தொட்டுக்கொள்ளவேண்டும் போலிருக்கிறது, திரும்புகிறேன், பலகையைப் பார்க்கிறேன், போனில் தெரிகிற பலகையை விட்டுவிட்டு என் முதுகுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிற அசல் பலகையை. புள்ளி இடப்பக்கம் இருக்கிறது. நாலு, இடப்பக்கம். மேலே மூன்று. நான் வைத்த இடத்தில்தான் இருக்கிறது. இந்தக் கூடத்துக்குள் வந்து, இந்தத் தையல் மெஷின் பக்கத்தில் நின்று பார்க்கிறவளுக்குத்தான் அது இடப்பக்கமாகத் தெரியும். முப்பிடாதி எப்படி இங்கே நின்றாள்?

“இடப்பக்கமா? அப்போ அதோட ஆயத்தொலைகள் என்ன?” என்கிறாள் ஜெசிந்தா. “நாலு கமா மூணு, டீச்சர்.” “இடப்பக்கம்னா மைனஸ் நாலு வராதா?” “நெசத்துல மைனஸ் நாலுதான் டீச்சர். ஆனா இது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உள்ள போர்டுல்லா, அங்க பிளஸ் எல்லாம் இடப்பக்கம் கெடக்கும். கண்ணாடியில பிடிச்சா வலப்பக்கம் வந்துரும். எக்ஸுக்குத்தான் குறி மாறும், ஒய் அப்படியேதான் இருக்கும், நாங்க எல்லாப் புள்ளிக்கும் போட்டுப் பாத்துட்டோம்.” எனக்குக் கால் தரையில் இல்லை. பிரதிபலிப்பு இந்தப் பாடத்திலேயே கிடையாது, அதற்கு நான் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. “கண்ணாடியா, என்ன கண்ணாடி?” என்கிறாள் ஜெசிந்தா, “எனக்கு எழுத்தெல்லாம் பின்பக்கமாத் தெரியவும் என் போன்லதான் கோளாறுன்னுல்லா நினைச்சேன்.” அதற்குள் ரீகன் பாய்ந்து வருகிறான், பாதி தகப்பன் குரல், பாதி மகன் குரல், “போன்ல ஒண்ணும் கோளாறு இல்ல டீச்சர். இது பூரணம் பிள்ளை முறை. சாரோட சார். ஏன்னு கேட்டா முட்டை போட்டுருவாரு, அதான் யாரும் கேக்கல. நாங்க கண்ணாடி வச்சுத்தான் பாக்கோம். வீட்டுப்பாடமும் திருப்பித்தான் எழுதி அனுப்புதோம், சார் எல்லாத்தையும் சரியாத் திருத்திருவாரு!” ஆக. ஆக, ஆவுடையப்பா, போன் உனக்கு மட்டும்தான் திருப்பிக் காட்டியிருக்கிறது, உன் மூஞ்சியை நீ கண்ணாடியில் பார்க்கிற மாதிரி, அவர்களுக்கு முதல் நாளிலிருந்தே எல்லாம் நேராகத்தான் போயிருக்கிறது, நேராகப் போய்க்கொண்டிருந்ததை நீதான் மாடியில் வெயிலில் காய்ந்து, கரி பூசி, நாக்கைச் சுளுக்கிப் பாடுபட்டுக் கோணலாக்கியிருக்கிறாய், அவர்கள் அதைப் பிடித்து நேராக்கி, உனக்காகத் திரும்பவும் கோணலாக்கி அனுப்பியிருக்கிறார்கள், நீ அதைப் படித்துப் போனுக்கு வயசாகிவிட்டது என்றாய். மைனஸ் இன்ட்டு மைனஸ் பிளஸ் என்று நான் எத்தனை ஆயிரம் தடவை கத்தியிருப்பேன், அது இப்படி வீட்டுக்குள் வந்து என் மடியில் உட்காரும் என்று யார் கண்டது. யாருமே இல்லை என்று நினைத்தேனே, வெறும் சேவல்கள் என்று நினைத்தேனே, என் அசல் பலகையை, வடிவைத் தவிர யாரும் பார்க்கமுடியாது என்று நினைத்த பலகையை, இத்தனை நாளும் ஒரு வகுப்பே இந்தக் கூடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. வயிற்றுக்குள் புரண்ட எக்ஸ் இப்போது வேறு மாதிரிப் புரள்கிறது, குறி மாறிவிட்டது, அளவு அதேதான். சிரிப்பு வருகிறது, கண்ணிலும் ஏதோ வருகிறது, வடிவு அடுப்பில் மிளகாய் தாளிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

“சார்” என்கிறாள் ஜெசிந்தா, குரல் மெதுவாகிவிட்டது, “இந்த மாதிரி ஒரு வகுப்பு நான் பாத்ததே இல்ல. வேணும்னே திட்டம் போட்டா செஞ்சீங்க?” ஆகா. தட்டில் வைத்து நீட்டுகிறாள். முக்காலி தயாராக இருக்கிறது, ஏறவேண்டியதுதான் பாக்கி, ஆமாம் அம்மா, இது பூரணம் பிள்ளை எனக்குச் சாகும்போது காதில் சொன்ன ரகசிய முறை என்று ஆரம்பித்தால் போதும், சாட்சிக்கு ஒரு வகுப்பே இருக்கிறது, வாழ்நாளில் இப்படி ஒரு கதைக்கு இடம் கிடைக்காது, பூரணம் பிள்ளைக்கு ஊரில் சிலையே வைத்துவிடலாம், ரயில் பாதையும் மெயின் ரோடும் வெட்டுகிற இடத்தில், ஆதிப்புள்ளியில், திரும்பி நின்றுகொண்டிருக்கிற மாதிரி. வாயைத் திறக்கிறேன். அடுப்படி வாசலில் வடிவு கரண்டியோடு வந்து நிற்கிறாள், இவர் என்ன விடப்போகிறார் என்று அவளுக்குத் தெரியும், முடிவைச் சொல்லக் காத்திருக்கிறாள். எப்படியென்று தெரியவில்லை, என் வாயிலிருந்து அது வந்துவிட்டது. “இல்லம்மா. நெசமாவே எனக்குத் தெரியாது. போன்ல எனக்குத் திரும்பித் தெரிஞ்சுது, பிள்ளைகளுக்கும் அப்படித்தான் தெரியும்னு நினைச்சு, மொட்டைமாடியில உக்காந்து திருப்பி எழுதப் பழகினேன். முட்டாள்தனம். பூரணம் பிள்ளைன்னு யாரும் கிடையாது.” கட்டங்கள் வெடித்தன. மைக்குகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு சிரிப்பு, சேவல், பிரஷர் குக்கர் விசில், யாரோ வீட்டு ரேடியோ, எல்லாவற்றுக்கும் மேலே சிரிப்பு, “சார் விடுதாரு டீச்சர்!” “இதுதான் சார் இருக்கதுலயே பெரிய ரீலு!” “ஆடு கதையைக்கூட நம்பிருவோம் சார், இதை நம்பமாட்டோம்!” “மொட்டைமாடியிலயாம்!” நான் சத்தியம் பண்ணுகிறேன், மீசையைத் தொட்டுச் சத்தியம், சிரிப்பு இன்னும் பெரிதாகிறது, வடிவு பார்த்திருக்கா, வடிவு, நீ சொல்லு என்கிறேன், அவள் போனுக்கு முன்னால் வந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “ஆமா பிள்ளைகளா, சார் சொல்லுதது அத்தனையும் நெசம்” என்கிறாள், அதைக் கேட்டு ரீகன் நாற்காலியிலிருந்து விழுந்த சத்தம் கேட்டது, சாரோட வீட்டம்மாவையும் கூட்டுச் சேர்த்துக்கிட்டாரு என்கிறார்கள். “பழக்கமில்லாதவுக திடீர்னு நெசத்தைச் சொன்னா இப்படித்தான் ஆகும்” என்று என் காதில் சொல்லிவிட்டு வடிவு அடுப்படிக்குப் போகிறாள், தோள் குலுங்குகிறது. பிறகு, நெட்டு தீர்ந்தால் தீரட்டும் என்று யார் முதலில் துணிந்தது தெரியவில்லை, ஒரு கட்டம் வெளுத்தது, இன்னொன்று, இன்னொன்று, முகங்கள், எண்ணெய் வைத்த தலை, எண்ணெய் வைக்காத தலை, பல் விழுந்த தம்பி ஒருவனும் நடுவில் நுழைந்துவிட்டான், எல்லோர் கையிலும் கண்ணாடி, பவுடர் டப்பாவில் ஒட்டியிருந்தது, பைக்கில் கழற்றியது, அப்பா சவரம் பண்ணுகிற கண்ணாடி, கண்ணாடி கிடைக்காத ஒருத்தி எவர்சில்வர் தட்டைத் தேய்த்துப் பளபளவென்று பிடித்திருந்தாள். ஓரமெல்லாம் பழைய பொட்டு ஒட்டிய ஒரு கண்ணாடிக்குப் பின்னால் ரெட்டைச் சடை, மூக்கு நுனியில் வியர்வை, தோளுக்குப் பின்னால் மதில் மேல் ஒரு சேவல். கொண்டை சேவலுக்குத்தான் இருந்தது. “நீதான் முப்பிடாதியா?” என்றேன். “யெஸ் சார்” என்றாள்.

“சரி சார், திங்கக்கிழமையும் பத்து மணிதானே?” என்கிறாள் ஜெசிந்தா, ஏதோ சாதாரணமாக மணி கேட்கிறவள் மாதிரி, வீடியோத் தம்பியைப் பற்றிப் பேச்சே இல்லை, கேமராவை மட்டும் அணைத்துக்கொண்டாள், சிரிப்பதை நான் பார்க்கக்கூடாது என்றிருக்கும். பத்து மணிதான் அம்மா என்கிறேன், அடுத்த புள்ளிக்குப் போகலாமா என்கிறேன், பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு பலகையின் முன்னால் நிற்கிறேன், கை அந்தரத்தில் நிற்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது, இனிமேல் நேராகவே எழுதலாம், எழுதினால் நன்றாகவே தெரியும், யாருக்கும் கஷ்டமில்லை. “திருப்பி சார், திருப்பி!” என்று கட்டங்கள் கத்துகின்றன. என் வாழ்நாளில் நான் சொன்னவற்றிலேயே, முக்காலியிலிருந்து இறங்கித் தன் காலால் நடந்துபோன ஒரே கதை பூரணம் பிள்ளைதான், அவர் பேரைக் கெடுக்கக்கூடாது. வலக்கோடியிலிருந்து எழுத ஆரம்பித்தேன், முதல் சொல்லிலேயே ‘ழ’, நாக்குத் தானாக வெளியே வந்தது, பின்னால் அமைதி, இப்போது அந்த அமைதிக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், எல்லோரும் கண்ணாடியைப் பிடித்துக் குனிந்திருக்கிறார்கள், ஒரே ஒரு மைக்கை மட்டும் அணைக்க மறந்துவிட்டார்கள், மாதா காலண்டர் இருந்த கட்டத்தின் மைக், அதிலிருந்து வீட்டுக்குள் யாரிடமோ சொல்வது எங்கள் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது: “ஏட்டி, முகம் பாக்குற கண்ணாடிய எங்க வச்ச? சீக்கிரம் கொண்டா, கிளாஸ் நடக்கு.”